எவ்வளவு பெறும், எவ்வளவு போகும்

மார்ச் 11, செவ்வாய். இன்று தெரியவந்த ஒரு சிறு தவறு: பயிற்சிக் கணக்கில் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையைப் போன வருட அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு கம்பெனி புதிதாகப் பங்குகள் வெளியிட்டிருக்கிறது, நான் பார்க்கவில்லை. இரண்டு மதிப்பெண் போயிற்று. சரியான விடை ஒரு பங்குக்கு எண்பத்தெட்டு ரூபாய் இல்லை, ஐம்பத்து மூன்று. இனி எந்த எண்ணை எடுத்தாலும் அது எந்தத் தேதியின் எண் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கியல் மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் இதை எழுதியவள், 'சிறு' என்ற சொல்லின் மேல் பேனா முனையை வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். அடிக்கலாமா, விடலாமா? வகுப்பில் அது சிறு தவறுதான். பாடம் எடுக்கும் கணக்காளர் பகலெல்லாம் ஒரு தணிக்கை அலுவலகத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு, மாலையில் சிறுபிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குப் பாடம் சொல்ல வருபவர். அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு 'பழையது' என்று எழுதியிருந்தார். கீழே, 'வழிமுறை சரி' என்றும் ஒரு வரி. வேறு யாராவது என்றால் அந்த வரியிலேயே மனம் குளிர்ந்து போயிருப்பார்கள்.

ஆனால் தாள் திருத்தி வரும் முன்பே அவள் அந்த எண்பத்தெட்டை வீட்டில் சொல்லிவிட்டிருந்தாள். அதை நம்பித்தான் அம்மாவின் ஆபரேஷன் பணம் விற்கப்படாமல் இன்னும் பங்காகவே கிடந்தது.

வீட்டில் அவள் இளையவள். பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. ஃப்ரேமுக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, அதன் நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக விழும்படி பொருத்த வேண்டும். புள்ளி ஒரு நூல் நகர்ந்தாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும். அதனால் எதையும் இரண்டு தடவை அளப்பாள். இரண்டு தடவையும் ஒரே அளவு வந்தால், சந்தேகத்துக்கு மூன்றாவது தடவை அளப்பாள். "உன்னை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி குறிச்சா மாப்பிள்ளைக்கு நரைச்சிடும்" என்பார் கடை முதலாளியம்மா. அப்படிப்பட்டவள், ஒரே ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

அந்தக் கம்பெனியை அவள் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதே அப்பாவால்தான். எரிவாயு சிலிண்டரின் தலையில் இருக்கும் பித்தளை வால்வு செய்யும் கம்பெனி அது. அப்பா அங்கே சோதனைப் பிரிவில் இருந்தார். வால்வுக்குள் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்க வேண்டும். ஒரு குமிழி கிளம்பினாலும் அது கழிவு. குமிழியைப் பார்த்துப் பார்த்தே அவர் ஓய்வு பெற்றார். வேலையில் இருந்த காலத்தில் கம்பெனி ஊழியர்களுக்குச் சலுகை விலையில் கொடுத்த பங்குகளை வாங்கிப் போட்டிருந்தார். இன்றும் தெருவில் சிலிண்டர் வண்டி போனால் நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். "நம்மளது" என்பார், தன் பிள்ளை வண்டியில் போவது மாதிரி. பங்கு என்றால் அவருக்கு அந்தத் தொட்டியிலும் கூரையிலும் லாரியிலும் ஒரு மூலை. அது எவ்வளவுக்குப் போகிறது என்று யாராவது கேட்டால் எரிச்சல் வரும்.

"போறதைப் பத்தி எனக்கு எதுக்கு? எவ்வளவு பெறும்னு கேளு, சொல்றேன்."

அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, பெறுவது என்று ஒன்று உலகத்தில் கிடையவே கிடையாது. போவதுதான் உண்டு. பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மெஷின்மேல் சாய்த்து வைத்த போனில் சந்தை ஓடிக்கொண்டிருக்கும். விலை துள்ளினால் வாடிக்கையாளரின் காகிதம் தலைகீழாக அச்சாகும். சாயங்காலம் அக்காவோடு மாமனார் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல். சாப்பாட்டோடு சண்டையும் உண்டு.

"மாமா, கம்பெனி வால்வு செஞ்சா என்ன, வாளி செஞ்சா என்ன? நாளைக்கு ஒருத்தன் நம்மளைவிடக் கூடக் குடுத்து வாங்குவானா? அது ஒண்ணுதான் கேள்வி."

"யாரு மாப்பிள்ளை அந்த ஒருத்தன்? அவனுக்குப் பைத்தியமா?"

"பைத்தியம் ஆகாம இருக்கணும்னா, அவன் இன்னொருத்தனைத் தேடிப் பிடிக்கணும்."

"அப்ப கடைசி ஆளு?"

"அது நாம இல்லைன்னு பார்த்துக்கிட்டாப் போதும்."

அப்பா தட்டை நகர்த்திக்கொண்டு சுவரைப் பார்ப்பார். அம்மா சிரிப்பாள். அம்மா சிரித்தால் இடுப்பு வலிக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டுதான் ஒரு வருடமாக அவளுடைய நடமாட்டம். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். காத்திருப்போர் வரிசையில் இருந்து ஒருவழியாகத் தேதியும் வந்தது. ஏப்ரல் முதல் வாரம். மார்ச் இருபத்தொன்றுக்குள் பணம் கட்ட வேண்டும். தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இதுக்கு மேல தேஞ்சா, புது மூட்டைப் பிடிச்சுக்க எலும்பு இருக்காதும்மா" என்று சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வருடக்கணக்காக முப்பதிலேயே படுத்துக் கிடந்த வால்வு கம்பெனிப் பங்கு எழுந்து உட்கார்ந்தது. பெரிய எரிவாயு நிறுவனம் ஒன்று அதை வாங்கப்போவதாகப் பேச்சு. முப்பது நாற்பதானது, நாற்பது ஐம்பதானது. அறுபதைத் தொட்டால் ஆபரேஷன் செலவு சரியாக வந்துவிடும்; தொட்ட அன்றே விற்றுவிடலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோருமாகப் பேசி முடித்தார்கள். அப்பாவும் தலையை ஆட்டினார்.

அறுபதும் வந்தது. அப்பா விற்கவில்லை.

"இவ்வளவு குடுத்து வாங்குறான்னா, நமக்குத் தெரியாத ஏதோ உள்ள இருக்கு. நீ படிக்கிறியே, கணக்குப் போட்டுச் சொல்லேன். நம்ம கம்பெனி எவ்வளவு பெறும்?" என்று இளையவளைக் கேட்டார்.

வாழ்க்கையில் அப்பா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. மற்றதெல்லாம் கட்டளை, இல்லாவிட்டால் விசாரணை. அவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி கம்பெனி இனி வரும் வருடங்களில் சம்பாதிக்கக்கூடியதை ஒவ்வொன்றாக எழுதி, இன்றைய மதிப்புக்குக் கழித்து, கூட்டி, பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தாள். கூட்டலை மூன்று தடவை சரிபார்த்தாள். வகுக்கும் எண்ணைச் சரிபார்க்கவில்லை. அது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

"எண்பத்தெட்டுப்பா" என்றாள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்த்தியா" என்று பொதுவாகச் சொன்னார். யாரைப் பார்க்கச் சொன்னாரோ, அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இப்போது அந்த வெளிச்சத்தை அவளே அணைக்க வேண்டும். பேருந்திலிருந்து இறங்கி, 'சிறு' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு, நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. அத்தான் கூடத்தின் நடுவில் நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தார். "எழுபத்தாறு! வாங்க ஆடிட்டரம்மா, உங்க எண்பத்தெட்டுக்கு இன்னும் பன்னிரண்டுதான் பாக்கி!"

அவள் செருப்பைக் கழற்றவில்லை. கழற்றினால் சொல்ல வராது என்று தோன்றியது.

"அப்பா, அந்தக் கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

"எண்பத்தெட்டு. ஐம்பத்து மூணுதான் வருது."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "ஏன், கம்பெனிக்கு என்ன ஆச்சு?"

"கம்பெனிக்கு ஒண்ணும் ஆகலப்பா. பங்குதான் கூடிடுச்சு. நடுவுல யாரோ ஒரு பண முதலாளிக்குப் புதுசா நிறையப் பங்கு குடுத்திருக்காங்க. நான் பழைய எண்ணிக்கையால வகுத்துட்டேன்."

"எனக்குச் சொல்லாம எப்படிக் குடுப்பான்?"

"எல்லாருக்கும் ஈமெயில் அனுப்பியிருக்காங்கப்பா."

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அப்பாவின் கணக்கைத் திறந்தபோது கொடுத்த ஈமெயில் ஜெராக்ஸ் கடையினுடையது.

"என்னை எதுக்குப் பார்க்கிறீங்க? ஒரு நாளைக்கு நூறு வருது. ஊர்ல இருக்கிறவன் ஆதார் கார்டு, ஜாதகம், காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் அதுக்குத்தான் அனுப்புறான். இதை எங்க படிக்கிறது?"

"இப்பச் சொல்ற கணக்காவது நிச்சயமா?" என்று கேட்டார் அப்பா.

நிச்சயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை நிச்சயமாகச் சொல்லித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறோம் என்ற எண்ணம் நாக்கைப் பிடித்தது.

"கம்பெனி எவ்வளவு வளரும்னு நாம வெச்சுக்கிறதைப் பொறுத்துப்பா. நாப்பத்தஞ்சுலேர்ந்து அறுபதுக்குள்ள எங்கேயாவது இருக்கும். நடுவுல பார்த்தா ஐம்பத்து மூணு."

அத்தான் கைதட்டிச் சிரித்தார். "கேட்டீங்களா மாமா? அன்னைக்குத் தப்பாச் சொன்னப்ப எண்பத்தெட்டுன்னு கல்லுல வெட்டின மாதிரி சொன்னா. இன்னைக்குச் சரியாச் சொல்றாளாம், அங்க இங்கன்னு இழுக்கிறா."

"சரியான கணக்குன்னா இழுக்கத்தான் செய்யும் அத்தான்."

"நல்லாப் படிக்கிற போ!"

"எப்படி இழுத்தாலும் எழுபத்தாறு வராது. அப்பா, நாளைக்குக் காலையிலயே வித்துடலாம். அம்மாவுக்கு அறுபதே போதும்னுதானே சொன்னோம்?"

 அப்பா போனை அத்தானிடமிருந்து வாங்கி, அதில் ஏறிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தார். கோட்டைப் பார்க்கிறவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

"எண்பத்தெட்டு தப்புன்னா, அவ்வளவு பேரும் ஏன் வாங்குறான்? நான் வெச்சிருக்கிறவன்மா, அவசரப்பட்டு விக்கிறவன் இல்ல. கம்பெனி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"எண்பது தாண்டும் மாமா. எழுதி வெச்சுக்குங்க. நானும் கடைக் காசைப் போட்டு வாங்கியிருக்கேன்."

"மாப்பிள்ளை சொல்றதும் சரிதான்" என்றார் அப்பா.

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன இது, ரெண்டு பேரும் ஒரே கட்சியா? குடையை எடுத்து வெக்கணும் போலிருக்கே."

"அறுபதுக்கு வித்துடலாம்னு இதே இடத்துல பேசினாங்களே, அது யாரு? நான் கனவுல கேட்டேனா?" என்றாள் அம்மா.

"நாள் இருக்குடி. இருபத்தொண்ணுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. உனக்கு ரெண்டு பக்கமும் மூட்டு மாத்திடலாம்."

"ஒரு பக்கம் மாத்துங்க, போதும். இன்னொரு பக்கத்தை எனக்குன்னு விட்டுடுங்க" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். இளையவளும் சிரித்தாள். விற்பதற்கு அப்பாவின் போனில் அவருடைய விரல் ரேகை வேண்டும். அந்த விரல் இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

"போன் கெட்டுப்போச்சாம்மா? அறுபத்தெட்டுன்னு காட்டுது, அசையவே மாட்டேங்குது."

போன் கெடவில்லை. வாங்கும் எண்ணமே தங்களுக்கு இல்லை என்று அந்த எரிவாயு நிறுவனம் முந்தைய இரவு அறிவித்திருந்தது. ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் விலை விழக் கூடாது என்று சந்தையில் எல்லை உண்டு. திறந்த உடனே விலை அந்த எல்லைக்குப் போய், பூட்டு விழுந்த மாதிரி ஒட்டிக்கொண்டது. விற்க ஆயிரம் பேர், வாங்க ஆள் இல்லை. அவள் அப்பாவுக்கு விளக்கினாள். "இப்பவே விக்கிறதுக்கு ஆர்டர் போடுங்கப்பா. வரிசையில நிக்கட்டும். அறுபத்தெட்டுன்னாலும் நமக்குப் போதும்."

"இரு" என்று வைத்துவிட்டார். கம்பெனியில் இன்னும் வேலையில் இருக்கும் பழைய கூட்டாளிக்குப் போன் செய்திருக்கிறார். மறுபடி கூப்பிட்டபோது குரல் தெளிந்திருந்தது. "மூணு ஷிஃப்டும் ஓடுதாம். லாரி வரிசையா நிக்குதாம். ஒண்ணும் ஆகலை."

அவர் சொன்னது உண்மை. கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுபத்தாறாக இருந்தபோதும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் மெஷினில் இருந்த லென்ஸ் அளவுக்கு மேல் தேய்ந்துபோனது.

திங்கட்கிழமை அறுபத்தொன்று. அன்றைக்குத்தான் அப்பா விரலை வைத்தார். ஆர்டர் போய் வரிசையின் வாலில் நின்றது. சந்தை மூடும்வரை நின்று, அப்படியே காலாவதியானது.

அன்று மாலை அத்தான் சாப்பிட வரவில்லை. அக்கா மட்டும் வந்தாள்.  பாத்திரத்தை வைத்துவிட்டு, கணவனுக்குப் போன் போட்டு, "இப்ப வரீங்களா, நான் அங்க வந்து கத்தவா?" என்றாள். அவர் வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"சொல்லுங்க. எங்கிட்டச் சொன்னதை அப்பாகிட்டச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

அத்தான் விற்றுவிட்டிருந்தார். வியாழக்கிழமை இரவே அவருடைய போன் குழுவில் செய்தி வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சந்தை திறக்கும் முன்பே ஆர்டர் போட்டு, வரிசையின் முதல் ஆட்களில் ஒருவராக அறுபத்தெட்டுக்குத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டார். கடைக் காசு நஷ்டமில்லாமல் திரும்பிவிட்டது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார் அப்பா. கோபமாகக்கூட இல்லை.

"நீங்க விக்கிற ஆளே இல்லைன்னு நெனச்சேன் மாமா. 'வெச்சிருக்கிறவன்'னு நீங்கதானே சொன்னீங்க. போன் பண்ணா ஏன், எதுக்கு, கம்பெனிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அங்க ஒரு நொடி தவறினா வரிசை போயிடும்."

"எங்கம்மா இடுப்பு உங்களுக்கு ஞாபகம் வரலையா?" என்று கேட்டாள் அக்கா.

"வந்துச்சு." அவர் கதவு நிலையைச் சுரண்டினார். "வித்ததுக்கு அப்புறம் வந்துச்சு."

இதைக் கேட்டு அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "வந்துச்சே, அதுவரைக்கும் சந்தோஷம். உள்ள வந்து சாப்பிடுங்க மாப்பிள்ளை, ஆறுது."

மறுநாள் செவ்வாய். வகுப்பு. விலை ஐம்பத்தைந்தில் ஒட்டியிருந்தது. பாடம் முடிந்து மற்றவர்கள் பெஞ்சிலிருந்து முழங்கால்களை விடுவித்துக்கொண்டிருந்தபோது இளையவள் கணக்காளரிடம் போனாள்.

"சார், ஒரு பங்கு ஐம்பத்து மூணு பெறும்னு வெச்சுக்குவோம். விலை அதுக்குக் கீழ போயிட்டா, திரும்ப அங்க எப்ப வரும்?"

"வரும்மா. கணக்கு சரின்னா பெரும்பாலும் வரும்."

"எப்ப?"

"அதுக்கு வாய்பாடு கிடையாது. ஒரு வருஷம் ஆகலாம், ஏழு வருஷம் ஆகலாம்."

"அதுவரைக்கும் காத்திருக்க முடியாதவங்க?"

"அவங்க பங்கே வாங்கியிருக்கக் கூடாது" என்று சட்டென்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, டஸ்டரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பின்னாலிருந்து ஒரு மாணவர், "சார் எந்தப் பங்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "எங்கப்பா வீட்டுல மூணுல ஒரு பங்கு. அதுவும் கோர்ட்டுல கிடக்கு" என்றார் கணக்காளர். அறை சிரித்தது. அவள் அந்தச் சிரிப்பைத் தாண்டி வெளியே வந்தாள்.

பேருந்தில் யோசித்தாள். அப்பாவுக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருந்தது. அதனால் அவர் விலையைப் பார்க்கவில்லை. அத்தானுக்கு அடுத்த நொடி போதும். அதனால் அவர் கம்பெனியைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் அவரவர் வழியில் பிழைக்கத் தெரியும். அம்மாவுக்கோ வருடமும் இல்லை, நொடியும் இல்லை, ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியைக் கொண்டுபோய் இந்த இரண்டு பேர் நடுவில் வைத்ததும், எண்பத்தெட்டு என்று சொல்லி அங்கேயே நிறுத்தியதும் அவள்தான்.

புதன்கிழமை ஐம்பது. அன்று அவள் ஒரு காரியம் செய்தாள். அத்தானிடம் போய்க் கேட்டாள். கடை வாடகை போக மிச்சத்தை அவர் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தார். கடை முதலாளியம்மாவிடம் சம்பளத்தில் முன்பணம் கேட்டாள். "எத்தனை மாசத்துக்கு?" என்று கேட்ட அவர், பதிலைக் கேட்டுக் கண்ணை மூடித் திறந்து, சரி என்றார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். நாளைக்கு விலை நாற்பத்தைந்துக்கு விழுந்தாலும், அந்த விலைக்கு விற்றுவிட்டால் ஆபரேஷனுக்கு மட்டுமட்டாக வரும். அதற்குக் கீழே போனால் வராது. நாற்பத்தைந்தில் யாராவது வாங்க வருவார்கள் என்று அத்தானும் சொன்னார். "அந்த விலைக்குப் பூட்டு கொஞ்ச நேரம் திறக்கும். திறந்தா நம்ம ஆர்டர் அங்க நிக்கணும், அவ்வளவுதான்."

வியாழன் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், அப்பாவை உட்கார வைத்து ஆர்டரைப் போட்டாள். நாற்பத்தைந்து. அவர் விரலை வைத்தார். அந்த விலையை அவர் நெடுநேரம் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஆனால் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அத்தான் சொன்னது நடந்தது. காலைச் சந்தையின் நடுவில் பூட்டு திறந்தது. யாரோ பெரிய ஆட்கள் மலிவு என்று நினைத்து வாங்கினார்கள். கடையின் பின்னறையில் மெஷினை நிறுத்திவிட்டு அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்கள் ஓடின. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, மறுபடி நாற்பத்தைந்து. வரிசை கரைந்தது. பிறகு வாங்கியவர்கள் ஓய்ந்தார்கள். பூட்டு மறுபடி விழுந்தது. அவள் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"வித்துடுச்சாப்பா?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அப்பா?"

"ஆர்டரை எடுத்துட்டேம்மா."

"எப்ப?"

"நீ போனதும். நீதானே சொன்ன, ஐம்பத்து மூணு பெறும்னு. நானும் ராத்திரியெல்லாம் உன் தாளை வெச்சுப் பார்த்தேன். நீ போட்டது சரிதான். ஒரு எண்ணும் தப்பில்லை. ஐம்பத்து மூணு பெறுற பொருளை நாப்பத்தஞ்சுக்குக் குடுக்க எனக்கு மனசு வரலை. இந்த விலைக்கு எவனாவது விப்பானா?"

அவர் குரலில் இருந்தது பிடிவாதம்கூட இல்லை. கடைசியில் மகளின் கணக்கை நம்பிவிட்ட ஒரு மனிதனின் சமாதானம். அந்தக் கணக்கு உண்மையிலேயே சரி. அவரிடம் அவளால் அது தப்பு என்று சொல்ல முடியவில்லை.

"வித்தவங்க எல்லாம் வித்துட்டாங்கப்பா" என்றாள்.

"திரும்ப வரும்மா. வரும்னு உன் சார்கூடச் சொன்னாரே."

"வரும்."

"பின்ன?"

அவள் போனை வைத்துவிட்டு, மெஷினில் பாதி தேய்ந்திருந்த லென்ஸை எடுத்து அளந்தாள். சரியாக இருந்தது. மறுபடி அளந்தாள். அத்தானுக்குப் போன் செய்தபோது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இனி நாற்பதில்தான் திறக்கும், அங்கே எத்தனை நாள் வாங்க ஆள் வரமாட்டான் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கணும், நான்தான்..." என்று ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. முதலாளியம்மாவிடம் போய், முன்பணம் வேண்டாம் என்றாள். அவர் காரணம் கேட்கவில்லை. அவருக்கு அது பெரிய நிம்மதி என்பது முகத்திலேயே தெரிந்தது; அதை மறைக்க ஒரு டீ வாங்கிவரச் சொல்லி அவளுக்குக் கொடுத்தார்.

மாலையில் ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவகாசம் கிடைக்குமா என்று கேட்டாள். அந்தப் பெண் நல்லபடியாகத்தான் பேசினாள். அவகாசம் கிடையாது; தேதி வேண்டாமென்றால் நாளை மதியத்துக்குள் நேரில் எழுதிக் கொடுத்துவிட்டால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போகும்; கொடுக்காவிட்டால் யாருக்குமே போகாது, அந்த நாள் வீணாகும். "அடுத்த தேதி?" என்று இளையவள் கேட்டாள். "மறுபடி முதல்லேர்ந்து பதியணும்மா" என்றாள் அந்தப் பெண்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.  "அடுத்து இருக்கிறது யாராம்?" என்றாள்.

"சொல்ல மாட்டாங்கம்மா."

"பொம்பளையா இருந்தா நல்லது. மாடிப்படி ஏறி இறங்குறவளா இருந்தா இன்னும் நல்லது" என்றாள் அம்மா. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா கூடத்தில் உட்கார்ந்து, வால்வு கம்பெனியின் புதிய அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டுக்கொண்டு வந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய், மேஜையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 20, வியாழன். நாளை: காலை சந்தை திறக்கும் முன் நாற்பதுக்கு விற்கும் ஆர்டர் போட வேண்டும். அப்பாவின் போனை வேலைக்கு எடுத்துப் போக வேண்டும். அத்தானின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய், அம்மாவின் தேதியை அடுத்தவருக்கு விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.